ஃபைலில் எல்லாம் சரியாக இருந்தது

லோகேஸ்வரியைப் பற்றி அவள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: அந்த அக்கா கை வைத்தால் தப்பு வராது. இருபத்தொன்பது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள். வினையே அங்கேதான் பிடித்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்தவள். அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிறந்த ஊருக்கே வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள். வேலை ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில். டேப் மாற்றிப் போடும் பெண்ணாகச் சேர்ந்தவள், இன்று அந்தப் பெரிய மெயின்ஃப்ரேம் கணினியின் நெட்வொர்க் முழுவதும் அவள் கையில். வேறு யாருக்கும் அது தெரியாது, கற்றுக்கொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. "ஆன்டி, உங்க டைனோசர் இன்னும் உயிரோட இருக்கா?" என்று கைப்பேசி ஆப் எழுதும் பிள்ளைகள் கேலி செய்வார்கள். "உன் ஆப்பு கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றதே அந்த டைனோசர்தான்டா, போய் டீ குடி" என்பாள்.

அவள் வேலை என்ன என்று கேட்டால், கொண்டோ அடுக்குமாடி வாசலில் காவலுக்கு ஒரு கார்டு உட்கார்ந்திருப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். வருகிறவர் ஒரு பெயரைச் சொல்வார். கார்டு தன் பட்டியலைப் பார்த்து, எந்த புளோக், எந்த வீடு என்று கண்டுபிடித்து, இன்டர்காமில் கூப்பிட்டு, "இன்னார் வந்திருக்கிறார், விடலாமா?" என்று கேட்பார். வீட்டுக்காரர் சரி என்றால் கேட் திறக்கும். இங்கேயும் அப்படித்தான். மேருவிலோ பந்திங்கிலோ ஒரு கிளையில் குமாஸ்தா உட்கார்ந்து 'KLIM' என்று அடிப்பாள். இழப்பீட்டு புரோகிராம் எந்தக் கணினியில், என்ன பெயரில் ஓடுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த டெர்மினலுக்கு என்று ஒரு அட்டவணை இருக்கிறது. நெட்வொர்க் அதைப் பார்த்து, 'KLIM' என்றால் உண்மையில் எந்த புரோகிராம் என்று கண்டுபிடித்து, அதன் கதவைத் தட்டி அனுமதி கேட்டு வழியைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த அட்டவணைகளை எழுதுகிறவள் லோகேஸ்வரி. வந்தவரைத் தப்பான வீட்டுக்கு அனுப்பினால் வந்தவருக்கே தெரியாது, அதுதான் இந்த வேலையில் உள்ள பயம்.

ஏனென்றால் தப்பான வீடு ஒன்று இருந்தது, அதுவும் அச்சு அசலாக. ஞாயிற்றுக்கிழமைதோறும் உண்மையான இழப்பீட்டு புரோகிராமை அப்படியே நகலெடுத்து, புதுக் குமாஸ்தாக்கள் பழகுவதற்கு என்று ஒரு பயிற்சி நகல் வைத்திருந்தார்கள். அதே திரை, அதே வாடிக்கையாளர்கள், அதே வரிசை எண். வாரம் முழுக்க அதில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம், அடுத்த ஞாயிறு எல்லாம் துடைக்கப்பட்டுப் புது நகல் வந்துவிடும். பயிற்சித் திரைக்கு மட்டும் வேறு நிறமாவது கொடுங்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்பே அவள் எழுதிக் கொடுத்தாள். யார் காதில் விழுந்தது?

ஒரு திங்கட்கிழமை காலை மேரு கிளையிலிருந்து கிஷன் கூப்பிட்டான். முப்பது வயதுகூட ஆகாத கிளை மேலாளர்.

"அக்கா, புதுப் பொண்ணு ஒண்ணு வந்திருக்கு, தாமரைன்னு. கான்ட்ராக்ட்தான். ஒரு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணட்டும். மூலை மேசை டெர்மினல மட்டும் டிரெய்னிங்குக்கு விட்டுக் குடுங்கக்கா."

"ஃபார்ம் எங்கப்பா?"

"ஃபார்முக்கு மூணு கையெழுத்து, மூணு நாளு. ரொம்பக் கஷ்டம், சுசாலா அக்கா. ஒரு மணி நேரம்தானே. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

அந்தக் கடைசி வார்த்தையில் ஆள் குளிர்ந்துவிட்டாள். முறைப்படி என்றால் ஃபைலில் உள்ள அட்டவணையை மாற்ற வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும், ஞாயிறு மறுதொடக்கம் வரை காத்திருக்க வேண்டும். குறுக்கு வழி ஒன்று உண்டு. ஒரே வரிக் கட்டளை. ஃபைலைத் தொடாமல், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவில் மட்டும் அந்த டெர்மினலுக்கு வேறு அட்டவணையைக் கட்டிவிடலாம். பதினொன்றரைக்கு அந்த வரியை அடித்தாள். பன்னிரண்டரைக்குத் திருப்பிவிட வேண்டும்.

பன்னிரண்டே காலுக்கு எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். பக்கத்துப் பிரிவில் ஒருவருக்குப் பிரியாவிடை விருந்து, வாழை இலைச் சாப்பாடு. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, அவசரமாக ஃபோன் வந்ததா, ஒன்றும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்திருந்தால் பின்னால் சொல்லிக்கொள்ளவாவது ஆகியிருக்கும். மட்டன் பிரட்டலும் பொரித்த பாகற்காயும் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, இரண்டரைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேருவின் மூலை மேசை சுத்தமாக மறந்துபோயிருந்தது.

மேருவில் கிஷன் பன்னிரண்டரைக்கு அந்தப் பெண்ணிடம், "பிராக்டிஸ் போதும், வெளிய போயி மறுபடி உள்ள வா, இனிமே எல்லாம் நெசம்" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்தான். தாமரை வெளியேறி மறுபடி 'KLIM' என்று அடித்தாள். லோகேஸ்வரி திருப்பாமல் விட்ட அட்டவணையையே நெட்வொர்க் பார்த்து மறுபடி பயிற்சி நகலுக்கே அனுப்பியது. கதவு திறந்தது. அந்தத் திங்கள் முதல் வெள்ளி வரை நாற்பத்தொரு பேருடைய ஆஸ்பத்திரிச் செலவுக் கோரிக்கைகளை ஒரு பிழையில்லாமல் அடித்தாள். ஞாயிறு கணினி மறுதொடக்கம் ஆனபோது அது ஃபைலைப் புதிதாகப் படித்தது. ஃபைல் எப்போதும் போலச் சரியாக இருந்தது. மூலை மேசை சரியான இடத்துக்குத் திரும்பியது. பயிற்சி நகல் துடைக்கப்பட்டது. தப்பும் போயிற்று, தப்புக்குள் விழுந்த ஐந்து நாள் உழைப்பும் போயிற்று.

அடுத்த புதன்கிழமை ஒரு மனிதர் மேரு கிளைக்கு வந்து, மனைவியின் ஆபரேஷன் காகிதம் என்ன ஆயிற்று என்று சத்தம் போட்டார். கிஷன் தேடினான். அவர் பெயரில் ஒன்றுமில்லை. போன வாரம் தாமரை அடித்ததாகச் சொன்ன எதுவுமே இல்லை. உடனே லோகேஸ்வரிக்கு ஃபோன்.

"அக்கா, போன வாரம் நம்ம லைன்ல ஏதும் பிரச்சனையா? அந்தப் பொண்ணு ரிப்போர்ட்டு அஞ்சு நாளும் கோசோங். ஒண்ணுகூட இல்ல. கேட்டா எல்லாம் அடிச்சேன்னு அழுவுது."

"இரு, பாக்குறேன்" என்று ஃபைலைத் திறந்தாள். சரியாக இருந்தது. திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூலை மேசை என்ற இரண்டு வார்த்தையும் வாழை இலையும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அடக் கடவுளே, திருப்பிவிடவே இல்லையே!

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும், நாற்பத்தொன்றையும் மறுபடி அடித்திருப்பார்கள். ஆனால் அனுமதியில்லாமல் கட்டளை போட்டது வேலைக்கே உலை வைக்கிற காரியம். அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அதையெல்லாம்விட, தப்பு வராத கை என்ற பெயர் இருந்ததே!

"ஃபைல்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு, கிஷன்."

பொய்யா இது? ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதையே ஈமெயிலில் போடச் சொன்னான். போட்டாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். வெள்ளிக்கிழமை தாமரையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காகிதங்களை டிராயரில் போட்டுவிட்டு ஐந்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள், கேட்டபோது பொய் சொன்னாள் என்று காரணம். அனுப்புவதற்கு முந்தின நாள் அந்தப் பெண் தலைமை அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து லோகேஸ்வரியையே கூப்பிட்டாள். "அக்கா, நான் நெசமாவே அடிச்சேன்கா. எங்கயாச்சும் மாட்டிக்கிட்டு இருக்கும். கொஞ்சம் தேடிப் பாருங்களேன், பிளீஸ்." சின்னக் குரல். "பாக்குறேம்மா" என்றாள் லோகேஸ்வரி. திரும்பக் கூப்பிடவில்லை.

தேடாமலும் இல்லை, அதுதான் கொடுமை. பயிற்சி நகலுக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்று ஒரு பதிவேடு கணினியில் இருந்தது. நகலைத் துடைத்தாலும் அதைத் துடைக்க மாட்டார்கள். திறந்தாள். மேரு, மூலை டெர்மினல், தாமரையின் அடையாளம், திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒவ்வொரு நாள் பதிவும் முப்பத்தைந்து நாள் இருக்கும், பிறகு தானாக அழியும். அச்செடுத்து வைக்க ஒரு பொத்தான் போதும். அவள் அழுத்தவில்லை, அழிக்கவுமில்லை. அழியட்டும் என்று இருந்தாள்.

அந்த முப்பத்தைந்து நாள் முடியும்வரை அவள் பட்டது அவளுக்குத்தான் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? கொம்யூட்டரில் எந்தச் சின்னப் பெண் எதிரே உட்கார்ந்தாலும் இவள்தான் தாமரையோ என்று பார்வையைத் திருப்பிக்கொள்வாள். புருஷன் திருச்செல்வம் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னா இது, கோழி கொத்துன மாதிரி சாப்புடுற? ஆபீஸ்ல ஏதும் கேஸா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லங்க, கேஸ்ட்ரிக்" என்றாள். காலையில் போனதும் முதல் வேலையாகப் பதிவேட்டில் அந்த ஐந்து நாளும் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் பயம். முப்பத்தாறாம் நாள் திங்கள் மட்டும் காணோம். அந்த வார முடிவுக்குள் மற்ற நான்கும் போய்விட்டன. ஒரு பெருமூச்சு விட்டாள். விட்ட உடனேயே தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. தாமரை மேல்முறையீடு செய்திருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் விசாரணை. நெட்வொர்க் பற்றிச் சொல்ல லோகேஸ்வரியும் வர வேண்டும் என்று கணினிப் பிரிவு மேலாளர் ஜெயராஜ் சொல்லியனுப்பினார்.

அறையில் ஜெயராஜ், மனிதவளப் பிரிவின் மலாய்ப் பெண் அதிகாரி புவான் அஸ்லினா, கிஷன். எதிரில் தாமரை. இருபத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஒவ்வொரு கோரிக்கையையும் சேமித்ததும் திரையில் ஒரு எண் வரும். புதுவேலை என்ற பயத்தில் அவள் ஒவ்வொரு எண்ணையும் பெயரோடு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நாற்பத்தொன்று. இதைக் காட்டினால் நம்புவார்கள் என்று பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறாள், பாவிப் பெண்.

அதுவே அவள் கழுத்துக்குக் கத்தியாக வந்தது. புவான் அஸ்லினா அந்த எண்களை ஏற்கெனவே சரிபார்த்திருந்தார். எல்லாமே கணினியில் இருந்தன, ஆனால் வேறு ஆட்களின் பெயரில். செலாயாங் கிளையில் அடித்தது ஒன்று, பந்திங்கில் அடித்தது ஒன்று. முதலில் சோம்பேறி, பொய்க்காரி என்றுதான் இருந்தது. இப்போது போலி ஆவணம் தயாரித்தவள் என்றாகிவிட்டது. போலீஸில் புகார் கொடுப்பதா என்று யோசிப்பதாக மலாயில் அமைதியாகச் சொன்னார் புவான். தாமரை நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் எழுதுனது திரையில வந்ததுதாங்க" என்றாள்.

"லோகேஸ்," என்றார் ஜெயராஜ், "ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு வருமா?"

கிஷன் அவசரமாக, "அதான் அக்கா அப்பவே ஈமெயில் போட்டாங்களே, எல்லாம் சரியா இருக்குன்னு" என்றான்.

லோகேஸ்வரி நோட்டைக் கேட்டு வாங்கினாள். நாற்பத்தொரு எண்கள். நடுவில் ஒன்றுகூட விடுபடாமல் அடுத்தடுத்து. இருபது கிளைகள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது ஒரே ஆளுக்கு எண்கள் இப்படி வரிசையாக வருமா? வேறு யாருமே இல்லாத ஒரு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து அடித்தவளுக்குத்தான் வரும். அந்தக் குண்டு குண்டு எழுத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் மறைக்க அவளால் முடியவில்லை.

"வரும் பாஸ். நான் செஞ்ச வேலையால வரும்."

ஜெயராஜ் நம்பவில்லை. "ஃபைல் சரியா இருக்குன்னு நீங்கதானே எழுதுனீங்க? அந்தப் பொண்ணு மேல பரிதாபப்பட்டு ஏதாச்சும் சொல்லாதீங்க, லோகேஸ்."

"ஃபைல் சரிதான். தப்பு ஃபைல்ல இல்ல." மேசையில் இருந்த மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்க, அனுமதி கேட்காமல், அதே ஒரு வரியை அந்தக் கணினிக்கு அடித்தாள். 'KLIM'. திரை வந்தது. தன் பெயரிலேயே ஒரு கோரிக்கையை அடித்துச் சேமித்தாள். கடைசி நான்கு இலக்கம் 6213 என்று வந்தது. பிறகு அட்டவணையைத் திருப்பிக் கட்டினாள். மறுபடி 'KLIM'. அதே திரை. 6213 என்று தேடினாள். செலாயாங் கிளை, திங்கட்கிழமை காலை, யாரோ ஒரு சீனப் பெரியவர் பெயர்.

"ரெண்டும் வேற வேற வீடு. ஞாயித்துக்கிழமை நின்ன நம்பர்லேர்ந்து ரெண்டும் தனித்தனியா எண்ணும். வாசல் ஒண்ணு. இவள தப்பான வீட்டுல விட்டுட்டுப் போனது நான்தான்."

கிஷன் முகம் வெளிறியது. "நான்தான் ஒரு மணி நேரம் கேட்டேன்" என்று முணுமுணுத்தான். புவான் அஸ்லினா இரண்டு திரையையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, தாமரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். ஜெயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எப்போ தெரிஞ்சிச்சு உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்ன வாய், அங்கே வந்து நின்றுவிட்டது.

"இன்னிக்குத்தான் பாஸ். நோட்டப் பாத்ததும்."

சீச்சீ, என்ன பிறவி இது என்று நமக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அறையில் இருந்த இறுக்கமே தளர்ந்தது. மறதி யாருக்கும் வரும், தெரிந்ததும் தைரியமாகச் சொன்னாரே என்று புவான் தலையாட்டினார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். தாமரை திங்கள் முதல் வேலைக்கு வரலாம்.

லிஃப்ட் பக்கம் வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். தாமரை ஓடிவந்து லோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர், சிரிப்பு வேறு.

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா என் கத என்னா ஆயிருக்கும்? உங்க வேலைக்கே வெட்டு வந்தாலும் பரவாலன்னு சொன்னீங்களே. யாருக்கா சொல்லுவா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"இல்லக்கா, உங்களுக்குத் தெரியாது. எங்கம்மா குளோவ் ஃபேக்டரில சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி, அவங்க சொல்லி வாங்குன வேல இது. அம்மாவே என்ன நம்பல. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, அடிச்சேன்னா சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுன்னாங்க. எல்லாரும் பாக்குறாங்க. அணைச்சேன்கா. அப்பயும் பாதிதான் நம்புனாங்க. ஒரு வேள நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேனோ, பொய்ச் சத்தியம் பண்ணிட்டேனோன்னு எனக்கே பயமாப் போச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒருவாட்டி மேருவுக்கு வந்து அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாங்க. உங்களுக்கே இன்னிக்குத்தானே தெரியும்னு நானும் சொல்றேன்."

லோகேஸ்வரி அந்தக் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். பெண் விடவில்லை. உள்ளங்கை சூடாக இருந்தது.

"தாமரை, இன்னிக்கு இல்ல."

"என்னாக்கா?"

"எனக்கு அப்பவே தெரியும். கிஷன் ஃபோன் பண்ண அன்னிக்கே தெரியும். நீ ஃபோன் பண்ணியே, அப்பயும் தெரியும். ஆதாரம் இருந்துச்சு. அழியிற வரைக்கும் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கை தானாக விலகியது. லிஃப்ட் வந்து, திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. தாமரை அழவில்லை, கத்தவும் இல்லை. நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்போ அந்தச் சூடத்த நீங்கதான் அணைச்சிருக்கணும்" என்றாள். இந்தத் தடவை அக்கா என்று சொல்லவில்லை. மாடிப்படி வழியாக இறங்கிப் போய்விட்டாள்.

லோகேஸ்வரி லிஃப்ட் பொத்தானை அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள். விசாரணை அறையில் விளக்கு இன்னும் எரிந்தது, ஜெயராஜ் உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டினாள்.